பீலிக்கரையும் வாக்குச்சீட்டும்

மலைநாட்டுக்குப் பயணம் போகின்றவர்களுள் பெரும்பாலோர் குளிர்ச்சியை நாடியே போகின்றார்கள். நுவரெலியாவின் கிரகரி வாவி, ஹக்கலைப் பூங்கா, தலவாக்கலைக்கு அருகே பாலைக் கவிழ்த்தாற்போல் விழும் சென். கிளயர் அருவி ஆகியவற்றைக் கண்டு களித்து, கைக்கு ஒரு கட்டுத் தேயிலையும் வாங்கிக்கொண்டு திரும்பினால் அவர்களுடைய யாத்திரை இனிது நிறைவெய்திவிடும். நாமும் முன்னர்ப் பலமுறை அவ்வாறே போய் வந்தவர்கள்தாம். ஆனால் 2025ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நாம் மலையேறியது வேறொரு காரியத்துக்காக. அம்மாதம் 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடைபெறவிருந்தது. 2023ஆம் ஆண்டிலேயே நடந்திருக்க வேண்டிய தேர்தல் அது. ஒத்திவைக்கப்பட்டு, ஒத்திவைக்கப்பட்டு, ஒருவாறு நாள் குறிக்கப்பட்டிருந்தது.

பாராளுமன்றத் தேர்தலுக்குள்ள ஆரவாரம் இத்தேர்தலுக்கு இல்லை. ஒரு பாதை, ஒரு தெருவிளக்கு, ஒரு குடிநீர்க் குழாய் என்னும் சின்னஞ்சிறு காரியங்களுக்கான தேர்தல் இது. அச்சிறு காரியங்களைக் குறித்துத் தேயிலைத் தோட்டத்து மக்கள் என்ன எண்ணுகின்றார்கள், யாரை நம்புகின்றார்கள், எதனைக் கேட்கின்றார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டு வரலாம் என்று புறப்பட்டோம்.

புகையிரதத்தில்

மே 3ஆம் திகதி, சனிக்கிழமை. கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் காலைப் புகையிரதத்தில் காலூன்ற இடமில்லை. வாயிற்படிகளில் வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தனர். நடுவே, முதுகுப் பைகளை அணைத்துக்கொண்டு நின்றது ஓர் இளைஞர் கூட்டம். கொழும்பிலே புடைவைக் கடைகளிலும் உணவுச்சாலைகளிலும் வேலை செய்கின்ற மலைநாட்டுப் பிள்ளைகள் அவர்கள். வாக்களிப்பதற்காகவே ஊர் திரும்புகிறவர்கள் அவர்களுள் பலர்.

நம் தோளோடு தோள் உரச நின்ற இளைஞனுக்கு இருபத்துநான்கு வயதிருக்கலாம். நான்கு நாள் விடுமுறை கேட்டு வாங்கி வந்திருக்கின்றான். நான்கு நாட் சம்பளம் போய்விடும் என்று அவனே சொன்னான்.

"இவ்வளவு நட்டப்பட்டு வாக்களிக்கத்தான் வேண்டுமா, தம்பி?" என்று கேட்டோம்.

"நான் சும்மா இருந்தாலும் அப்பாயி விடமாட்டாங்க, சேர். ஓட்டுப் போடாட்டிப் பேரை வெட்டிருவாங்கன்னு அவங்களுக்கு ஒரு பயம். மூணு நாளா போன்ல ஒரே நச்சரிப்பு" என்றான்.

வாக்களிக்கத் தவறியதற்காக ஒருவருடைய பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கும் வழக்கம் இல்லை. ஆகவே அக்கிழவியின் பேதைமையை எண்ணி நாம் சற்றே சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்புக்காக மறுநாளே நாம் வெட்கப்பட நேர்ந்தது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

பேச்சுவாக்கில் அவனுடைய தோட்டத்தின் பெயரைச் சொன்னான். ஹட்டனில் நம்மை எதிர்கொள்ளவிருந்த நண்பர், இளைப்பாறிய ஆசிரியர், இருபது வருடங்கள் படிப்பித்த தோட்டப் பாடசாலை அங்கேதான் இருக்கின்றது. "மாஸ்டரைத் தெரியாதா? என் காதைத் திருகினவரே அவர்தான்" என்று மகிழ்ந்த அப்பிள்ளை, மறுநாள் தன் வீட்டுக்கு வந்தே தீரவேண்டும் என்று நம்மிடம் வாக்கு வாங்கிக்கொண்டான்.

நாவலப்பிட்டி கழிந்ததும் புகையிரதம் மூச்சிரைத்து ஏறத் தொடங்கியது. கலபொட, வட்டவளை, ரொசெல்ல என்று நிலையங்கள் ஒவ்வொன்றாய்ப் பின்னே போக, காற்றில் குளிரும், குளிரோடு தேயிலைத் தொழிற்சாலையின் வாசனையும் ஏறி வந்தன.

ஹட்டன் தேநீர்க் கடையில்

ஹட்டன் நகரம் மலைமுதுகின்மேல் நெருக்கி வைத்த கடைவீதி. அன்று சுவரெல்லாம் சின்னங்கள்; ஒலிபெருக்கி வண்டிகள் ஒன்றையொன்று விலக்க இடமின்றி நின்று முழங்கின. ஆசிரியர் நம்மை ஒரு தேநீர்க் கடையின் மூலைக்கு அழைத்துப்போய் அமர்த்தினார். சம்பலோடு ரொட்டியும் சுடச்சுடத் தேத்தண்ணீரும் வந்தன. அவர் பழைய கதையைத் தொடங்கினார்.

"இந்த ஹட்டன் தொகுதிதான் 1931ஆம் ஆண்டில் பெரி சுந்தரம் அவர்களை அரசாங்க சபைக்கு அனுப்பியது. அவர் தொழில் மந்திரியாகவும் இருந்தார். 1936இல் கோ. நடேசய்யர் வந்தார். மேடையிலே அவர் பேச, அவர் மனைவி மீனாட்சி அம்மையார் பாட்டுப் பாடித் தொழிலாளரைச் சங்கத்துக்குத் திரட்டுவார். 1947இல் முதற் பாராளுமன்றத் தேர்தல். நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் குமாரவேலு, நாவலப்பிட்டியில் இராஜலிங்கம் என்று இலங்கை இந்தியக் காங்கிரஸ்காரர் வெற்றி பெற்றார்கள். கூடை சுமந்தவன் அனுப்பிய ஆள் பாராளுமன்றத்தில் உட்கார்ந்தான்."

அதன்பின் நடந்ததை நேயர்கள் அறிவார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1949ஆம் ஆண்டில் தேர்தற் சட்டம் திருத்தப்பட்டதும் அவர்கள் பெயர்கள் இடாப்பிலிருந்து மறைந்தன. 1952இல் கொழும்பில் நூறு நாட்களுக்கும் மேலாகச் சத்தியாக்கிரகம் நடந்தது, பயன் விளையவில்லை. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கீடு; எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். 1977இல்தான், மூன்று அங்கத்தினரைத் தெரியும் நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியில் மூன்றாமவராகத் தொண்டமான் அவர்கள் மீண்டும் தேர்தல் மூலம் பாராளுமன்றம் புகுந்தார். 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் எஞ்சியோருக்கும் படிப்படியாகப் பிரஜாவுரிமையை வழங்கின.

"பாராளுமன்றத்துக்குள் போக முப்பது வருடம் பிடித்தது. ஆனால் ஊர்ச்சபை இருக்கிறதே, அது அதைவிடத் தொலைவு" என்றார் ஆசிரியர்.

அது எவ்வாறு என்று கேட்டோம். 1930களின் பிற்பகுதியில் கிராமச் சபைகளுக்கான சட்டத்தைத் திருத்தியபோதே தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளருக்கு அவற்றில் வாக்கு மறுக்கப்பட்டுவிட்டது என்றார். பிற்காலத்தில் பிரஜாவுரிமையும் வாக்கும் வந்து, பிரதேச சபைகளுக்கு அங்கத்தினரைத் தெரியும் உரிமையும் வந்தது. எனினும் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்து 33ஆம் பிரிவு முட்டுக்கட்டையாக நின்றது. தோட்டக் குடியிருப்புகளில் சபை தன் பணத்தைச் செலவிட அது இடம் தரவில்லை. வாக்கைத் தொழிலாளி போடுவார். அவர் வாக்கால் சபைக்குப் போனவர் அவருடைய லயத்து வாசலில் ஒரு விளக்கை நாட்டவும் சட்டப்படி இயலாது! இந்த நிலை 2018ஆம் ஆண்டிலேதான் திருத்தப்பட்டது.

சபைகளின் தொகையும் அப்படியே. நுவரெலியாப் பிரதேச சபையும் அம்பகமுவப் பிரதேச சபையும் தனித்தனியே இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்குப் பொறுப்பாக இருந்தன. ஒன்றிலிருந்து கொட்டகலையும் அக்கரபத்தனையும், மற்றதிலிருந்து நோர்வூட்டும் மஸ்கெலியாவும் பிரிந்து புதிய நான்கு சபைகள் ஆனது 2017ஆம் ஆண்டில்.

"ஆக, ஊர்ச்சபை அரசியல் எங்களுக்கு இன்னும் பால்குடி மாறாத பிள்ளை. அதை மனத்தில் வைத்துக்கொண்டு நாளைக்கு மலைக்கு வாருங்கள்" என்று கூறி ஆசிரியர் எழுந்தார்.

சல்லிக் குவியல்

மறுநாட் காலை பஸ் வண்டியில் டிக்கோயா வழியாகப் போனோம். காசல்ரீ நீர்த்தேக்கம் மலைகளுக்கிடையே கண்ணாடியாய்க் கிடந்தது. அப்பால், மேகம் விலகிய நேரத்தில், சிவனொளிபாதமலை தலைகாட்டிற்று. வழியிலே சில இடங்களில் இந்திய அரசாங்கத்தின் உதவியோடு எழுந்த புதிய தனி வீடுகளைக் கண்டோம். 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து, முன்னர்க் கூறிய 4,000 வீடுகளுக்கு மேலும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்ததை ஆசிரியர் நினைவூட்டினார். அவ்வீடுகளைக் கடந்ததும் மீண்டும் பழைய லயங்கள். தகரக் கூரை, தகரத்தின்மேல் கல், கல்லின்மேல் பாசி.

நாம் போன தோட்டத்தின் பெயரையும், அது எந்தச் சபையைச் சேர்ந்தது என்பதையும் இங்கே எழுதாமல் விடுகின்றோம். பெருந்தெருவில் பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து மேற்பிரிவு லயங்களுக்கு ஒன்றரை மைல். பாதை என்று அதற்குப் பெயர். மழைநீர் தான் போகும் வழியென்று அதனை எடுத்துக்கொண்டு பல காலமாகிவிட்டது. பிரசவ வேதனைப்படும் பெண்ணை முச்சக்கர வண்டியில் ஏற்ற முடியாமல், பாதித் தூரம் நாற்காலியில் வைத்துத் தூக்கி வருவது அங்கே வழக்கம்.

பாதையின் முதல் வளைவில் ஒரு சல்லிக் குவியல் இருந்தது. அதன்மேல் நான்கு சிறுவர்கள் ஏறிச் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"புதிய சல்லியா?" என்று கேட்டோம்.

"மேலே இருப்பது புதியது. அடியிலே பாருங்கள், புல் முளைத்திருக்கிறது. அது போன தேர்தற் சல்லி" என்றார் ஆசிரியர்.

வாக்குக் கேட்டு வருவோர் முதலில் ஒரு லொறிச் சல்லியை அனுப்பிவைப்பதும், வாக்கெடுப்பு முடிந்தபின் அச்சல்லி அங்கேயே கிடப்பதும் தோட்டத்தார் கண்டு பழகிய காட்சி. சட்டம் திருந்திய பிறகும் பாதை திருந்தாதது ஏன் என்று வினவினோம். நிலம் அரசாங்கத்துடையது, 1992ஆம் ஆண்டு தொடக்கம் நிர்வாகம் கம்பனிகளுடையது, பாதையைச் செப்பனிட வேண்டியது சபை. இம்மூவரும் ஒரே நாளில் ஒரே கடதாசியில் கையெழுத்திட்டால்தான் சல்லி பரவும் என்பது ஆசிரியரின் விளக்கம்.

பீலிக்கரையைக் கடந்து போனோம். மலையிலிருந்து குழாய் வழியே வந்து கொட்டும் நீரில் சில பெண்கள் துணி துவைத்துக்கொண்டும் குடங்களை நிரப்பிக்கொண்டும் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையாதலால் பேச்சுக்குக் குறைவில்லை. தோட்டத்து அரசியலைக் கேட்க விரும்புகிறவர் மேடைக்குப் போகத் தேவையில்லை, பீலிக்கரைக்குப் போனால் போதும் என்று ஆசிரியர் காதோடு சொன்னார்.

ஒரு வீடு, மூன்று வாக்கு

புகையிரதத்தில் கண்ட இளைஞன் இஸ்தோப்பில் நின்று நம்மை வரவேற்றான். ஒரே காம்பரா, அதிலே அடுப்பும் கட்டிலும் தொலைக்காட்சிப் பெட்டியும். அவன் தாயார் கொழுந்து பறிப்பவர். அன்றாடக் கூலிக்கு வேலை முடிந்ததும் கைக்காசுக்கும் பறிக்கப் போவாராம். விரல்கள் தேயிலைக் கறையால் கறுத்திருந்தன. தந்தையார் காலமாகிவிட்டார். மூலையில், கம்பளியைப் போர்த்துக்கொண்டு, எண்பது வயதைக் கடந்த அப்பாயி.

முன்னெல்லாம் தோட்டத்தில் ஒரு லயத்தின் வாக்கு ஒரு பக்கமே விழும். சங்கத்தின் தோட்டத் தலைவர் சொல்வதுதான் சொல். சம்பளத்திலிருந்து சந்தா எந்தச் சங்கத்துக்குப் போகிறதோ, வாக்கும் அந்தச் சங்கத்துக்கே போகும். அதற்கு நியாயமும் இருந்தது. துரையிடம் பேசவும், பேர் வெட்டுப்பட்டவரை மீண்டும் பதிவிக்கவும், ஆஸ்பத்திரிக்கு லொறி பிடிக்கவும் சங்கத்தை விட்டால் வேறு நாதி இல்லை. கூலியை ஒரு ரூபாய் உயர்த்துவதற்கும் சங்கமே போராட வேண்டியிருந்தது. நாட்கூலி 1,000 ரூபாய் என்னும் கோரிக்கை பல வருடங்கள் மேடைகளில் ஒலித்து, 2021ஆம் ஆண்டிலேதான் நிறைவேறிற்று. 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் அடிப்படைக் கூலி 1,350 ரூபாய் ஆயிற்று.

இப்போது அந்தக் கட்டு தளர்ந்துவிட்டது. லயத்தில் குடியிருப்போருள் தோட்டத்திலே பேர் பதிந்து வேலை செய்வோர் குறைந்து வருகின்றனர். கொழும்பிலே கடையில் நிற்கிற பிள்ளைக்கு எந்தச் சங்கத்திலும் சந்தா இல்லை. அவனுக்குத் தோட்டத் தலைவர் மாமா முறையாகலாம், மேலாளர் அல்லர். 2024ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி நடந்த பொதுத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தின் 8 ஆசனங்களுள் 5 தேசிய மக்கள் சக்திக்குப் போயின. பழைய சங்கங்களின் தலைவர்களும் தோற்றுவிடவில்லை. ஆனால் தோட்டத்து வாக்கு சங்கத்தின் பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டப்பட்டதன்று என்பது அன்று யாவருக்கும் தெரிந்துபோயிற்று.

அந்த வீட்டிலும் மூன்று வாக்குகள் மூன்று திசையில் நின்றன. ஒளிவு மறைவில்லாமல் அவர்களே சொன்னார்கள். சின்னங்களை நாம் சொல்லவில்லை.

"எனக்கு முகவரி வேணும், சேர்" என்றான் இளைஞன். "வங்கியில் கணக்குத் திறக்கப் போனா வீட்டு நம்பர், வீதிப் பேர் கேட்கிறாங்க. நான் எதைச் சொல்றது? கடிதம் வந்தா ஆபீசுக்கு வரும். அங்கேயிருந்து யாராவது நினைச்சா இங்கே வரும். ஒரு நேர்முகப் பரீட்சைக் கடிதம் தேதி கழிஞ்சு வந்துச்சு. இந்தப் பாதைக்கு ஒரு பேர், இந்த வீட்டுக்கு ஒரு நம்பர், அதை யார் தருவாங்களோ அவங்களுக்குத்தான் என் ஓட்டு."

தாயார் அடுப்பை ஊதிக்கொண்டே பேசினார். "முகவரி இருக்கட்டும். முதல்லே அந்தப் போத்தலை நிறுத்தணும். தேர்தல் வந்தா ஆம்பிளைகளுக்கு இரண்டு வாரம் இலவசம். அப்புறம் பழகினது பழகினதுதான், சம்பள நாளன்னிக்கு அடி எங்களுக்கு. போத்தல் கொண்டு வந்த கட்சிக்குப் போடறதில்லேன்னு பீலிக்கரையிலே நாங்க பத்துப் பதினைஞ்சு பேர் பேசி வச்சிருக்கோம்."

"எல்லாரும் கொண்டு வந்தால்?" என்றோம்.

"அந்தப் பிள்ளை கொண்டு வரல்லே" என்றார், அயல் லயத்தைச் சுட்டி.

அப்பாயி மட்டும் வாய் திறக்கவில்லை. நாம் கேட்டபோது, "எங்களுக்குக் கடுதாசி எழுதிக் குடுத்தது சங்கம். நன்றி மறக்கக் கூடாது" என்று சுருக்கமாகச் சொல்லி, பேரனை நோக்கி, "தம்பி, அந்தப் பெட்டியை எடு" என்றார்.

தகரப் பெட்டி

கட்டிலின் அடியிலிருந்து வந்தது பழைய பிஸ்கட் தகரப் பெட்டி. உள்ளே, பொலித்தீன் உறையில் சுற்றி, காகிதங்கள். எல்லாவற்றுக்கும் அடியில், மடிப்பிலே கிழிந்து பசையிட்டு ஒட்டிய ஒரு துண்டு. அது 1949ஆம் ஆண்டின் சட்டப்படி அவர் தகப்பனார் பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பித்ததற்கான பற்றுச்சீட்டு. அவ்விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அதற்கு மேலே தமையனாருடைய புகைப்படம். ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டு, 1970களில் தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரிக்குப் போனவர். அதற்கு மேலே 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் தமக்குக் கிடைத்த பத்திரம். அதற்கும் மேலே, ஒன்றன்மேலொன்றாக, அன்று முதல் வந்த வாக்காளர் அட்டைகள் எல்லாம்.

"1947லே அப்பா என்னைத் தோள்லே வச்சுக்கிட்டு ஓட்டுப் போடப் போனாராம். எனக்கு நாலு வயசு. அவர் அந்தக் கதையைச் சாகிற வரைக்கும் சொல்லுவார். அடுத்த தேர்தலுக்கு அப்பா பேர் இல்லே. ஏன் இல்லேன்னு கேட்டதுக்கு, போன தடவை போட்டதுதான் குத்தம்னு ஒருத்தர் சொன்னாராம். போன தடவை போடாததுதான் குத்தம்னு இன்னொருத்தர் சொன்னாராம். அப்பாவுக்குப் படிப்பில்லே. எது சரின்னு தெரியாமலே கண்ணை மூடிட்டார். நான் முதல் ஓட்டுப் போடறப்போ எனக்கு நாப்பத்தைஞ்சு வயசு தாண்டிருச்சு. அதிலே இருந்து ஒரு தடவை கூட விட்டதில்லே. காய்ச்சலோட போயிருக்கேன். கொட்டுற மழையிலே போயிருக்கேன். பேர் அங்கே இருக்கான்னு பார்க்கணும் இல்லியா?"

முந்தின நாள் புகையிரதத்தில் நாம் சிரித்த சிரிப்பு அப்போது நெஞ்சில் வந்து குத்தியது. வாக்குச் சாவடிக்குப் போவது நம்மைப் போன்றோருக்கு யாரைத் தெரிவது என்னும் அலுவல். அவ்வம்மையாருக்கோ அது, தாம் இந்த நாட்டில் இன்னும் இருக்கின்றோமா என்று போய்ப் பார்த்து வரும் காரியம். பேரன் அந்தப் பெட்டியை எத்தனையோ முறை பார்த்திருப்பான். எனினும் அன்று காகிதங்களை மீண்டும் அடுக்கும்போது அவன் கை மெதுவாகவே இயங்கிற்று.

"அப்பாயி, பேரை இனி யாரும் வெட்ட மாட்டாங்க" என்றான் அவன்.

"அப்பாவும் அப்படித்தான் நினைச்சிருப்பார்" என்றார் கிழவியார்.

அபேட்சகர் வருகின்றார்

மாலையில் 'அந்தப் பிள்ளை' வந்தார். முப்பது வயதுக்கு மேற்பட்ட முன்பள்ளி ஆசிரியை, வட்டார அபேட்சகர். வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து சேறாகியிருந்தது. உடன் வந்தவர்கள் நான்கு பெண்கள், ஒரு குடை.

உள்ளூராட்சிச் சபைகளில் நூற்றுக்கு 25 பங்கு பெண்களுக்கு என்னும் விதி முதன்முதலாக 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு நாடு முழுவதிலும் சபை அங்கத்தினருள் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேரளவே இருந்தனர். அத்தேர்தலோடு அது இருபதைத் தாண்டியது. கொழுந்து பறிப்போருள் பெரும்பாலோர் பெண்களாயிருந்தும் தோட்டத்து மேடைகளில் நாற்காலி ஆண்களுக்கே என்றிருந்த மலைநாட்டுக்கு இது சிறிய மாற்றமன்று. 2024இல் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றத்துக்குத் தெரிவானபோது, பீலிக்கரைகளில் அதுவே பல நாட் பேச்சாக இருந்ததாம்.

ஆயினும் மனங்கள் சட்டத்தோடு சேர்ந்தே மாறிவிடுவதில்லை. "பொம்பிளைப் பிள்ளைன்னா மேலதிகப் பட்டியல்லே பேரைப் போட்டுட்டு வீட்டிலே இருக்கலாமே, வட்டாரத்திலே எதுக்கு நிற்கணும்?" என்று தம் கட்சிக்காரரே கேட்டதாக அவர் சொல்லிச் சிரித்தார். இரவிலே கூட்டத்துக்குப் போய் வந்தால் அதற்கொரு கதை கட்டுவார்கள். கணவர் சம்மதித்தாரா என்று பத்து வீட்டில் ஒன்பது வீட்டார் கேட்பார்கள். ஆண் அபேட்சகரிடம் மனைவி சம்மதித்தாளா என்று கேட்டவர் எவருமில்லை.

இஸ்தோப்பில் கூடியவர்களுள் ஒரு நடுவயதுக்காரர் கேட்டார்: "தங்கச்சி, நீ சபைக்குப் போய் என்ன செய்வே? துரையோட பேச உன்னாலே ஆகுமா?"

"துரையோட பேசறதுக்குச் சங்கம் இருக்கு, அண்ணே. நான் சபையோட பேசப் போறேன்" என்றார் அவர். "2018க்கு முந்தி, தோட்டத்துக்குச் செலவழிக்கச் சட்டத்திலே இடமில்லேன்னு சொன்னாங்க. இப்போ இடமிருக்கு. அப்படியும் ஏன் நடக்கல்லேன்னு ஒவ்வொரு மாசக் கூட்டத்திலேயும் எழும்பிக் கேட்பேன். பதிலை எழுத்திலே வாங்கி வந்து பீலிக்கரையிலே வாசிச்சுக் காட்டுவேன். பாதை போட்டுத் தருவேன்னு நான் சொல்ல மாட்டேன். அந்தச் சல்லிக் குவியலை நானும் பார்த்துக்கிட்டுத்தான் வளர்ந்தேன்."

கேட்டவர் ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்து வாயிலிட்டுக்கொண்டார். ஆனால் அபேட்சகர் விடைபெற்றபோது, "பார்த்துப் போம்மா, கீழே வழுக்கும்" என்று தம் கைவிளக்கை எடுத்துக்கொண்டு அவர்களுக்கு வழி காட்டப் போனார். அவர் வாக்கு எங்கே விழுந்ததோ, அது அவருக்கும் ஆண்டவனுக்கும் வெளிச்சம்.

மலையிறங்கிய பின்

செவ்வாய்க்கிழமை காலை, நாம் ஊர் திரும்பும் முன், தோட்டப் பாடசாலைக்கு முன்னால் வரிசை நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்தோம். அப்பாயியை முச்சக்கர வண்டி கொண்டுவர இயலாமையால் பேரன் கைத்தாங்கலாக அழைத்து வந்தான். ஒன்றரை மணி நேர நடை. வாக்களித்து வெளியே வந்தவர் மை பட்ட விரலைச் சேலைத் தலைப்பில் படாமல் உயர்த்திப் பிடித்தபடி ஆசிரியரைப் பார்த்து, "பேர் இருந்துச்சு, மாஸ்டர்" என்றார்.

சில மாதங்கள் கழித்து ஆசிரியரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. முன்பள்ளி ஆசிரியை சபைக்குத் தெரிவாகிவிட்டாராம். சொன்னபடி கூட்டந்தோறும் எழுந்து கேட்கின்றாராம். சில நாள் நேரம் கொடுக்கிறார்கள், சில நாள் கொடுப்பதில்லையாம். எழுத்திலே கிடைத்த முதற் பதிலைப் பீலிக்கரையில் உரக்க வாசித்தாராம். வழக்கமாய்க் கலைந்துபோகும் ஆண்களும் நின்று கேட்டார்களாம். சல்லி, பாதை தொடங்கும் இடத்திலிருந்து முக்கால் மைல் வரைக்கும் பரப்பியாயிற்று. மிகுதி முக்கால் மைலுக்கு நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் வரவேண்டுமாம். வீடுகளுக்கு இலக்கம் இன்னும் இல்லை. அந்த இளைஞனின் கடிதங்கள் இப்பொழுதும் ஆபீசுக்கே வருகின்றன.

"குவியல் இருந்த இடத்தில் இப்போது விளையாட இடமில்லை என்று பையன்கள் குறைப்படுகிறார்கள்" என்று ஆசிரியர் கடிதத்தை முடித்திருந்தார்.

மலைநாட்டுக்குப் போகும் நேயர்கள் அருவியையும் வாவியையும் பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. கண்ணுக்கு நிறைவான காட்சிகள்தாம் அவை. ஆனால் பெருந்தெருவிலிருந்து பிரிந்து மேலே ஏறுகின்ற ஒரு தோட்டப் பாதை எதிர்ப்பட்டால் வண்டியைச் சற்று நிறுத்திப் பாருங்கள். சல்லி பரவியிருக்கிறதா, குவிந்தே கிடக்கிறதா, அதன்மேல் புல் எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது என்று கவனியுங்கள். அந்தப் பிரதேசத்தின் அரசியல் எந்த நிலையில் இருக்கின்றது என்பதை அது உங்களுக்குச் சொல்லிவிடும்.